கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள மருமகன் லண்டனிலிருந்து வன்னியிலுள்ள முள்ளியவளைக்கு வருகிறான்: காப்புறுதி, மருந்து, வீட்டு ஆயத்தம் பற்றி உதவி தேவை

முள்ளியவளையான் | 14 ஜூன், இரவு 9.10

வணக்கம் உறவுகளே.

அம்மாவின் ஆண்டுத் திவசம் ஓகஸ்ட் மாதம் வருகிறது. லண்டனில் இருக்கும் தங்கச்சி ஆறு வருடத்துக்குப் பிறகு பிள்ளையோடு வருகிறாள். மருமகனுக்கு ஏழு வயது. அவன் கைக்குழந்தையாக வந்தபோது தூக்கியதுதான். அதற்குப் பிறகு திரையில் மட்டுமே பார்க்கிறேன். கச்சானும் கஜுவும் அவனுக்கு ஆகாது. ஆகாது என்றால் வெறும் சொறியும் தடிப்பும் அல்ல. மூன்று வயதில் யாரோ கொடுத்த பிஸ்கட்டை ஒரு கடி கடித்தான். கால் மணித்தியாலத்துக்குள் உதடு வீங்கி, சத்தி எடுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஊசி போட்டுத்தான் தப்பினான். முட்டு வருத்தமும் (ஆஸ்துமா) இருக்கிறது.

இனி என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் கச்சான் பயிர் செய்கிறவன். விறாந்தையில் ஆறு மூட்டை விதைக் கச்சான் அடுக்கியிருக்கிறது. முற்றத்தில் படங்கு விரித்துக் காயவைத்த இடத்தில் இன்னும் கோது கிடக்கிறது. சோளகக் காற்று அடித்தால் அந்தத் தூசி குசினிவரை வரும். சம்பல் இடிக்கிற உரலில்தான் கச்சானும் இடிக்கிறோம். இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கச்சி, "அண்ணா, நாங்கள் ஹோட்டலில் நிற்கிறோம்" என்றாள். தாய் வீட்டுக்கு, அதுவும் தாயின் திவசத்துக்கு வருகிறவள் ஹோட்டலில் நிற்பதா? அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எனக்கு மூன்று விடயம் தெரியவேண்டும். இந்த வீட்டை அந்தப் பிள்ளைக்கு ஏற்றதாக்க முடியுமா? அவசரம் வந்தால் வன்னியில் என்ன வழி? மூன்றாவது காப்புறுதி. "ஒவ்வாமை இருப்பதை எழுதினால் காசு கூடும், எழுதாமல் விடு" என்று தங்கச்சிக்கு அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா?

ஸ்காபரோத் தாய் | 14 ஜூன், இரவு 11.42

அண்ணா, முதலில் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படி முன்கூட்டிக் கேட்ட சொந்தம் ஒருவரும் இருக்கவில்லை.

என் மகனுக்குக் கஜுவும் முட்டையும் ஆகாது. மூன்று வருடத்துக்கு முன் கிளிநொச்சிக்கு வந்தோம். புறப்படுமுன் இணையத்தில் தமிழில் ஒரு ஒவ்வாமை அட்டை எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்தேன். "முந்திரி சேர்க்க வேண்டாம்" என்று அழகாக எழுதியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் அதைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "பயப்படாதே பிள்ளை, நான் தனியாக எடுத்து வைக்கிறேன்" என்றார். பாயாசம் வந்தது. மகன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது பார்க்கிறேன், பால் நிறத்தில் அரைவட்டமாகக் கஜு ஒன்று கரண்டி நுனியில் மிதக்கிறது. தட்டிவிட்டேன். அந்த மனிதர் ஓடிவந்து, "முந்திரிகை வற்றல் ஒன்றுகூடப் போடவில்லையே" என்று கலங்கிப்போய் நின்றார்.

பிழை அவருடையது அல்ல. தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜு. எங்கள் ஊரில் முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கிற பழம், அதன் வற்றல். கஜுவை நாங்கள் மரமுந்திரிகை என்போம், அல்லது கஜு என்றே சொல்வோம். அட்டை தமிழில்தான் இருந்தது, ஆனால் வன்னிக்காரனின் தமிழில் இல்லை.

கச்சானிலும் இதே பொறி இருக்கிறது. அட்டையில் நிலக்கடலை, வேர்க்கடலை என்று இருந்தால் கடைப்பெடியன் "கடலை" என்ற பகுதியைத்தான் பிடிப்பான். கடலை என்றால் நமக்கு அவித்துத் தாளிக்கிற கொண்டல்கடலை. அதை விலக்கிவிட்டுக் கச்சான் போட்ட மிக்சரை நம்பிக்கையோடு நீட்டுவான். ஆகவே அட்டையில் "கச்சான், கஜு" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். கொழும்பிலிருந்து வரும் வழியில் சிங்களக் கடைகளில் நிற்பீர்கள். சிங்களத்தில் கச்சானுக்கு "ரட்டகஜு", கஜுவுக்குக் "கஜு" என்றே பெயர். தெரிந்த ஒருவரைக்கொண்டு சிங்கள எழுத்திலும் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவனுக்கு எள்ளும் ஆகாதா என்று தங்கச்சியிடம் கேளுங்கள். கச்சான் ஒவ்வாமை உள்ள சில பிள்ளைகளுக்கு எள்ளும் ஒத்துவராது. அப்படியென்றால் நல்லெண்ணெயே பிரச்சினை, நம் சமையல் முழுவதையும் மாற்றவேண்டி வரும்.

குறொய்டன்காரன் | 15 ஜூன், அதிகாலை 2.05

நான் இங்கே பயணக் காப்புறுதித் துறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மூன்றாவது கேள்விக்கு என் பதில்: எழுதாமல் விடவே கூடாது. அந்த ஆலோசனையைச் சொன்னவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் அது ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடிய ஆலோசனை.

பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காப்புறுதி எடுக்கிறவர், நிறுவனம் கேட்கிற கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு சரியான பதில் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் 200 பவுண் கட்டவேண்டியிருந்திருக்கும், நீங்கள் கட்டியது 100 என்றால், செலவிலும் பாதிதான் கிடைக்கும். தெரிந்தே மறைத்தது என்று நிரூபணமானால் பத்திரமே செல்லாது, ஒரு சதமும் வராது. "காசு கூடும் என்று எழுதாமல் விட்டேன்" என்பது தெரிந்தே மறைத்தல்தான். லண்டனில் குடும்ப வைத்தியரின் பதிவில் அட்ரினலின் பேனா (கடும் ஒவ்வாமை வந்தால் தொடையில் அழுத்திப் போடும் ஊசி) எழுதிக்கொடுத்தது திகதியோடு இருக்கும். பெரிய தொகைக்குக் கோரிக்கை வந்தால் நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

முட்டு வருத்தத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். பலர் ஒவ்வாமையை எழுதுவார்கள், "அது சின்ன வருத்தம்தானே, பம்ப் அடித்தால் சரி" என்று முட்டு வருத்தத்தை எழுதாமல் விட்டுவிடுவார்கள். நான் கையாண்ட ஒரு கோரிக்கையில் பிள்ளைக்கு மூச்சுத் திணறி மூன்று நாள் தனியார் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். காரணம் ஒவ்வாமையா, முட்டா என்று பிரிக்க முடியவில்லை. எழுதாத வருத்தம் உள்ளே வந்ததால் அந்தத் தாய்க்கு முழுத்தொகை கிடைக்கவில்லை. அவருடைய குரல் இன்றும் எனக்கு ஞாபகம்.

பயணச்சீட்டு வாங்குகிற அன்றே காப்புறுதியையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறைப் பயணத்துக்கான பத்திரமென்றால், எடுத்த நாளிலிருந்தே பயணம் ரத்தாவதற்கான பாதுகாப்பு தொடங்கிவிடும். பிறகு பிள்ளைக்குப் புதிதாக ஏதாவது வந்தால், மருந்து மாறினால், பறக்குமுன் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று பல பத்திரங்களில் இருக்கும். வங்கிக் கணக்கோடு வருகிற ஆண்டுப் பத்திரம் இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: பலவற்றில் ஒரு பயணம் 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. பள்ளி விடுமுறைக்கு ஆறு கிழமை வந்து நிற்கிறவர்களுக்குக் கடைசிப் பதினொரு நாள் ஒன்றும் இல்லை.

சாதாரண நிறுவனம் மறுத்தாலோ, மிதமிஞ்சிய தொகை கேட்டாலோ விட்டுவிட வேண்டாம். மணிஹெல்பர் (MoneyHelper) என்ற அரச ஆதரவுச் சேவையில் கடும் நோயுள்ளவர்களுக்குக் காப்புறுதி தரும் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, இலவசம்.

மாமாவின் மோட்டார் சைக்கிளில் மருமகனை ஏற்றும் ஆசை உங்களுக்கு இருக்கும். தலைக்கவசம் இல்லாமல் ஏற்றினால், விழுந்தால், அந்தச் செலவைப் பெரும்பாலான பத்திரங்கள் தராது.

பனங்கூடல் | 15 ஜூன், காலை 6.30

தம்பி, குறையாக நினைக்கவேண்டாம். நான் எழுபதைத் தாண்டியவள். நாங்கள் கச்சான் தின்று வளர்ந்தோம், எங்கள் பிள்ளைகள் கச்சான் தின்று வளர்ந்தார்கள். பங்கருக்குள் இருந்த நாட்களில் பசிக்கு அதுதான் இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதால்தான் உடம்பு எதையும் தாங்குவதில்லை என்று நினைக்கிறேன். சிறிது சிறிதாக நாக்கில் தடவிப் பழக்கினால் பழகிவிடாதா? பிள்ளையைப் பயப்படுத்தி வைத்தால் அவன் நம் ஊரையே வெறுத்துவிடுவான்.

இரவுக்கடமை | 15 ஜூன், மாலை 5.15

நான் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன். முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும்.

அம்மா, நீங்கள் சொன்னதில் பாதி உண்மையை ஆய்வும் ஒப்புக்கொண்டிருக்கிறது. லண்டனில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு நாலு மாதம் முதல் பதினொரு மாதத்துக்குள் கச்சான் உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். விலக்கி வைத்த குழந்தைகளைவிட இவர்களுக்கு ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. நம் ஊரில் தவழுகிற பிள்ளையின் வாயிலும் கச்சான் போகிறதே, அது வீண் போகவில்லை. ஆனால் அது ஒவ்வாமை வருமுன் தடுக்கும் வழி. ஒருமுறை மூச்சு இழுத்த பிள்ளைக்கு வீட்டில் நாக்கில் தடவிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அப்படிப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதை நிபுணர் மில்லிகிராம் கணக்கில் அளந்து, பக்கத்தில் மருந்தோடு இருந்து கொடுக்கிறார். அன்பு மிகுந்த கை ஒன்று யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு ஊட்டிவிடுவதுதான் எங்களுக்குப் பயம். தயவுசெய்து உங்கள் வயதில் உள்ளவர்களிடம் நீங்களே இதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்போது அவசரம் பற்றி. அண்ணா, இதை அச்சடித்துக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்.

உதடு, நாக்கு வீங்குதல், குரல் கரகரத்தல், விடாத இருமல், மூச்சு இழுத்தல், முகம் வெளிறிச் சோர்ந்து சாய்தல். கச்சான் பட்ட பிறகு இவற்றில் ஒன்று வந்தாலும் யோசிக்காமல் அட்ரினலின் பேனாவைத் தொடையின் வெளிப்பக்கம், நடுவில், அழுத்தவேண்டும். காற்சட்டையைக் கழற்றத் தேவையில்லை, துணிக்கு மேலாலேயே போடலாம். உடனே பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் மட்டும் காலை நீட்டி இருத்திவையுங்கள். எழுந்து நடக்க விடக்கூடாது, தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. இரத்த அழுத்தம் விழுந்து இருக்கும் நேரத்தில் நிமிர்த்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஐந்து நிமிடத்தில் தெளிவு இல்லாவிட்டால் இரண்டாவது பேனா. அதனால்தான் எப்போதும் இரண்டு வேண்டும். தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்கு வரவேண்டும், சில மணித்தியாலம் கழித்து மறுபடி வருவதுண்டு.

பிரிற்றோன் என்ற ஒவ்வாமைக் குளிசை சொறிக்கும் தடிப்புக்கும்தான். அது தொண்டை வீக்கத்தை நிறுத்தாது. "முதலில் குளிசை கொடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருந்த பிள்ளைகளைத்தான் நாங்கள் நீலம் பாரித்த நிலையில் கண்டிருக்கிறோம்.

இங்கே அட்ரினலின் இருக்குமா என்று தங்கச்சி பயப்படுவார். அம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) வரும் அட்ரினலின் வன்னி வைத்தியசாலைகளுக்குப் புதியது அல்ல. நாகமும் கண்ணாடி விரியனும் இருக்கிற மண். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வருவது எங்களுக்குப் பழகிய காட்சி, அதனால் அட்ரினலினை எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம். நீங்கள் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிறவர், இதன் அருமை உங்களுக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டில் கிடைக்கிற பேனாவை எங்கள் மருந்துக்கடைகளில் வாங்கலாம் என்று நம்பி வரக்கூடாது. வேண்டியதை அங்கிருந்தே கொண்டு வரவேண்டும், காலாவதித் திகதி பார்த்து. 15 முதல் 30 கிலோவரை உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் 0.15 மில்லிகிராம் பேனா. அவனை நிறுத்துப் பார்த்து வைத்தியர் உறுதி செய்யட்டும்.

ஓகஸ்ட் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. பேனாவை 25 பாகை செல்சியஸுக்குள் வைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக்கூடாது, வாகனத்தின் முன்தட்டில் விட்டுவிடவும் கூடாது. நீரிழிவுக்காரர் இன்சுலின் கொண்டு திரிய, தண்ணீரில் ஊறவைக்கிற குளிர்ப் பை ஒன்று விற்கிறது, அது நல்லது. வீட்டிலும் அந்தப் பையோடு, மண்முட்டிக்குப் பக்கத்தில் நிழலான மாடத்தில் வையுங்கள். பேனாவின் சிறு கண்ணாடியால் மருந்தைப் பாருங்கள். சுத்தமான தண்ணீர்போல் நிறமில்லாமல் தெளிவாக இருக்கவேண்டும். மண்ணிறம் பட்டிருந்தாலோ பொடி மிதந்தாலோ மாற்றவேண்டும்.

ஏ9 சாரதி | 15 ஜூன், இரவு 8.50

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவது என் தொழில். தாதி அக்கா சொன்னதோடு பாதையைச் சேர்த்துச் சொல்கிறேன்.

முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் தாண்ட மாட்டான், நானும் தாண்ட மாட்டேன். இறங்கினால் இரண்டு பக்கமும் கச்சான் கடை. மணலில் வறுக்கிற சூடு முகத்தில் அடிக்கும். கடதாசியில் சரை சரையாகச் சுற்றி ஜன்னலுக்குள் நீட்டுவார்கள். நிற்கிற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறுகிறவர்கள் கையில் ஒரு சரை. அங்கிருந்து யாழ்ப்பாணம்வரை கோது உடைக்கிற சத்தம்தான். அந்தப் பிள்ளையைப் பஸ்ஸில் கொண்டுவரவே வேண்டாம். வான் பிடியுங்கள், முதல் நாளே இருக்கையைக் கழுவுவியுங்கள். இருக்கை இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், என் வானில் நானே ஒரு பிடி கோது எடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு முறிகண்டி வரை வரவேண்டிய தேவையும் இல்லை. மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளை போகலாம். பிள்ளையாரிடம் வேறொரு நாள் போய்க்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு 1990. இலவச அம்புலன்ஸ், 2018இல் வடக்குக்கு வந்தது. அழைக்கும்போது வீட்டு இலக்கம் சொல்வதால் பயனில்லை. கோயில், பாடசாலை, சந்தி சொல்லுங்கள். ஒருவரை வீதிக்கு அனுப்பி, இரவென்றால் டோர்ச்சோடு நிற்க வையுங்கள். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு உங்கள் வாசலிலிருந்து எத்தனை நிமிடம் என்று மோட்டார் சைக்கிளில் ஒருமுறை ஓடிப் பாருங்கள்.

விசுவமடு மருமகள் | 16 ஜூன், மதியம் 12.20

இதே விடயத்தில் என் கேள்வியும். நாங்கள் எதிர்த்திசை. மாமி பிரான்சுக்கு மகளிடம் போகிறார். அவருக்கு இறால், நண்டு ஆகாது, பென்சிலினும் ஆகாது. விசாவுக்கென்று முகவர் ஒருவர் காப்புறுதி எடுத்துத் தந்தார். 30,000 யூரோ என்று இருக்கிறது. போதும்தானே?

குறொய்டன்காரன் | 16 ஜூன், இரவு 11.30

தங்கச்சி, 30,000 யூரோ என்பது செங்கன் விசாவுக்குக் கேட்கிற ஆகக் குறைந்த தொகை. தூதரகம் அதைப் பார்த்து முத்திரை குத்திவிடும். அந்தப் பத்திரத்துக்குள் "முன்பே உள்ள நோய்களுக்குப் பொறுப்பில்லை" என்ற வரி இருக்கிறதா என்று தூதரகம் உங்களுக்காகத் தேடாது. விசாவுக்காக விற்கிற மலிவுப் பத்திரங்களில் அது பெரும்பாலும் இருக்கும். முகவரிடம் முழுப் பத்திரத்தையும் வாங்கி, விலக்குகள் என்ற பகுதியை வாசியுங்கள். மாமியின் ஒவ்வாமையை எழுத்தில் அறிவித்து, எழுத்தில் பதில் எடுங்கள். கனடா சுப்பர் விசாவில் போகும் பெற்றோருக்கும் இதே கதை. அங்கே ஒரு வருடத்துக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர். ஆனால் வருத்தம் எத்தனை மாதம் மாறாமல் இருந்தது என்று கேட்கும் நிபந்தனை வரும், மருந்தின் அளவு சமீபத்தில் கூடியிருந்தால் அந்த வருத்தத்துக்குக் காசு வராது.

ஐரோப்பாவில் ஒரு வசதி உண்டு. சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களை உணவுப் பொதியில் எடுத்துக்காட்டவேண்டும். இறால், நண்டு வகை, கணவாய், சிப்பி வகை, கடுகு, எள் எல்லாம் அதில் வரும். மகள் வாசித்துச் சொல்லலாம்.

இரவுக்கடமை | 17 ஜூன், காலை 7.00

பென்சிலின் பற்றி: மாமியின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வைத்தியரைக்கொண்டு எழுதுவியுங்கள். அதன் படம் கைப்பேசியில் இருக்கட்டும். ஒடியற்கூழ் குடிக்க அங்கே ஆசைப்பட்டுக் கேட்பார், யாராவது கூனி இறால் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்கள். அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

முள்ளியவளையான் | 2 ஜூலை, இரவு 9.40

தங்கச்சி எல்லாவற்றையும் எழுதிக் காப்புறுதி எடுத்துவிட்டாள். கட்டுப்பணம் கூடியது உண்மை. அந்த மேலதிகத்தை நான் தருகிறேன் என்றேன், மறுத்துவிட்டாள்.

விதை மூட்டைகளை மச்சான் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். விறாந்தையைச் சவர்க்காரத் தண்ணீரால் மூன்று முறை கழுவினோம். உரலையும் அம்மியையும் என்ன செய்வதென்று நெடுநேரம் யோசித்தோம். கல்லின் குழிக்குள் எண்ணெய் ஊறியிருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் வாசம் போகவில்லை. அம்மா அரைத்த அம்மி. அதைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, புதிதாக ஒரு அரைக்கும் இயந்திரம் வாங்கினேன். பழைய எண்ணெய்த் தாச்சியும் வேண்டாம் என்று மனைவி புதிது எடுத்தாள்.

வாசம் பட்டாலே ஆபத்தா என்று ஒருவர் கேட்டார். இதைத் தாதி அக்கா சொன்னால் நல்லது.

இரவுக்கடமை | 3 ஜூலை, காலை 6.45

வாசத்தில் மட்டும் அநேகமாக ஆபத்து இல்லை. கோது உடைக்கும் தூசியும், பிசுக்கான கையும்தான் ஆபத்து. கச்சான் தின்ற கையால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, அவன் அந்தக் கன்னத்தைத் தடவி விரலை வாயில் வைத்தால் போதும். வருகிறவர்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். கைக்குப் பூசும் ஜெல் கச்சான் புரதத்தை அகற்றாது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வையுங்கள். திவச வீடு, கால் கழுவி வருவது நம் வழக்கம்தானே, கையையும் சேர்த்துக் கழுவுவார்கள்.

அம்மியைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு சரி.

ஸ்காபரோத் தாய் | 3 ஜூலை, இரவு 10.15

விமானம் பற்றி எழுத விட்டுவிட்டேன். இரண்டு பேனாவும் தாயின் கைப்பையில், இருக்கைக்குக் கீழே. மேலே தட்டிலும் வேண்டாம், சரக்குப் பெட்டியில் போடவே வேண்டாம். பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும். வைத்தியரின் கடிதம் மருந்தோடு ஒரே பையில். விமான நிறுவனத்துக்கு முன்பே அறிவிக்கவேண்டும், ஆனால் கச்சான் அறவே இல்லாத விமானம் என்று ஒருவரும் உறுதி தரமாட்டார்கள். தட்டு, கைப்பிடி, இருக்கைப் பட்டியின் கொளுக்கி மூன்றையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். சாப்பாடு வீட்டிலிருந்து. நான் புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு வருவேன்.

பனங்கூடல் | 4 ஜூலை, காலை 6.10

தாதிப் பிள்ளை சொன்னதை இத்தனை நாளும் யோசித்தேன். என் தங்கையின் பேரன் ஒருவன் குழந்தையாக இருந்தபோது பலகாரம் தின்றுவிட்டு மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்தான். விக்கல், தொண்டையில் சிக்கியது என்று சொன்னோம். அதில் என்ன இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தம்பி, திவசத்துக்கு வருகிற கிழவிகளுக்கு நான் சொல்கிறேன். முள்ளியவளை எனக்குத் தூரமில்லை.

முள்ளியவளையான் | 29 ஓகஸ்ட், இரவு 10.05

வந்து, இருந்து, நேற்றுப் போனார்கள். எங்கள் வீட்டில்தான் நின்றார்கள்.

மாங்குளத்தில் திரும்பித்தான் வந்தோம். சாரதித் தம்பி சொன்னபடி இருக்கை இடுக்கைத் தங்கச்சியே ஈரத்துணியால் துடைத்தாள். திவசத்தன்று பாயாசத்துக்குக் கஜுவும் போடவில்லை, முந்திரிகை வற்றலும் போடவில்லை, வீண் குழப்பம் வேண்டாம் என்று. ஐயருக்கும் சொல்லியிருந்தோம். பனங்கூடல் அம்மா காலையிலேயே வந்து வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டார். வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரப் பை ஒவ்வொன்றையும் வாங்கி, "பிள்ளைக்கு ஆகாது, நான் பிறகு எடுத்துத் தருகிறேன்" என்று தன் காலடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் கோபிக்கவில்லை.

ஒரே ஒரு நேரம் பயந்தோம். ஒன்பதாம் நாள் மாலை அவன் முற்றத்தில் விளையாடிவிட்டு வந்தான். கழுத்தில் நாலைந்து தடிப்பு, கண் சிவப்பு. மாமரத்தடியில் கிளறியிருக்கிறான், பழைய கோது ஒன்று மண்ணுக்குள் இருந்திருக்கிறது. தங்கச்சி பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். அவனைப் பாயில் கிடத்தி, கையையும் முகத்தையும் கழுவி, அவளுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த ஒழுங்குப்படி பிரிற்றோன் மருந்து கொடுத்து, மூச்சையும் குரலையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் வானை வாசலில் இயக்கி வைத்திருந்தேன். பேச்சு மாறவில்லை, இருமல் இல்லை, தடிப்பு ஒரு மணித்தியாலத்தில் அடங்கியது. பேனா தேவைப்படவில்லை. அப்படியும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இரவு வைத்திருந்து காலையில் விட்டார்கள். காசு கேட்கவில்லை. டயக்னோசிஸ் அட்டையைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக் காப்புறுதிக்காரருக்குத் தங்கச்சி அன்றே அறிவித்தாள்.

அடுத்த நாள் மாமரத்தடி மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி அள்ளி அப்புறப்படுத்தினேன்.

போகும்போது மருமகன் ஊசி இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனான். "மாமா, நீலத்தை வானத்துக்கு, செம்மஞ்சளைத் தொடைக்கு" என்று என் காலில் வைத்து அழுத்திக் காட்டினான். அது சாமியறைத் தட்டில் இருக்கிறது. தோட்டத்துக்கு வருகிற இரண்டு பெடியன்களுக்கும் மச்சானுக்கும் பழக்கிவிட்டேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் விதைக் கச்சானுக்கு வளவின் பின்பக்கம் தனிக் கொட்டில் ஒன்று போடவேண்டும், தகரமா கிடுகா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.